எந்த மரபணு என்று முதலில் தெரியட்டும்

பொழுது சாய்ந்ததும் பிள்ளை வாசற்படியில் தடுக்கி விழுந்தால், முருங்கைக்கீரை கொடு, பப்பாளி கொடு என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். வைட்டமின் ஏ பற்றாக்குறையால் மாலைக்கண் பரவலாக இருந்த காலத்தில் பல பிள்ளைகளின் கண்ணைக் காத்த அறிவுரை அது. ஆனால், எவ்வளவு கீரை கொடுத்தாலும் தேறாத மாலைக்கண்ணும் உண்டு. இருட்டில் தெரியாமல் தொடங்கி, பக்கப் பார்வை ஆண்டுக்காண்டு சுருங்கி, நேர் எதிரே உள்ளது மட்டும் தெரியும் நிலை வந்து, சிலருக்கு அதுவும் போய்விடும். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரைச் சிதைவு நோய் இது. உலகில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தென்னிந்தியாவில் நடந்த கள ஆய்வுகளில் விகிதம் இதைவிட அதிகம்.

இந்த நோய் உள்ள குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே பதிலோடு வீடு திரும்புகின்றன: “பரம்பரை நோய், மருந்து கிடையாது.” மருந்தே இல்லாதபோது மரபணுச் சோதனைக்கு எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பது இயல்புதான். மருத்துவர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. மருந்து வரட்டும், பிறகு சோதிக்கலாம் என்ற இந்த வரிசையே தவறு.

ஏனென்றால், மருந்துகள் நோயின் பெயரைப் பார்த்து உருவாகவில்லை; மரபணுவைப் பார்த்து உருவாகின்றன. விழித்திரையின் பரம்பரை நோய்களுக்குக் காரணமான மரபணுக்கள் 250-க்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று ஆர்பிஇ65. உணவில் கிடைக்கும் வைட்டமின் ஏ-வை, ஒளியை உணரும் செல்களுக்குத் தேவையான வடிவத்துக்கு மாற்றும் நொதி இந்த மரபணுவிலிருந்தே உருவாகிறது. இது பழுதானால் உடலில் வைட்டமின் இருந்தும் கண்ணுக்குப் பயனில்லை. லீபர் பிறவிப் பார்வையிழப்பு என்ற நோயில் ஒரு சிறு பங்குக்கு இதுவே காரணம். இதே பழுதோடு பிறந்த பிரியார்ட் இன நாய்களின் விழித்திரைக்கடியில், நோய் உண்டாக்காத வைரஸ் மூலம் நல்ல மரபணுவைச் செலுத்தியபோது அவற்றுக்குப் பார்வை வந்தது. அந்த முடிவு 2001-இல் வெளியானது. அதில் பங்கேற்ற பிலடெல்பியாவின் ஜீன் பென்னட், ஆல்பர்ட் மக்வயர் இருவரும் மனிதர்களிடமும் அதைச் செய்து காட்டினார்கள். 2017 டிசம்பரில் ‘லக்ஸ்டர்னா’ என்ற பெயரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் தந்தது. மங்கலான வெளிச்சத்தில் தடைகளைத் தாண்டி நடக்க முடிகிறதா என்பதே சோதனையில் அளவுகோலாக இருந்தது.

ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர் என்று அதற்கு விலை வைத்தார்கள். இரு கண்களுக்கும் சேர்த்து நம் பணத்தில் 7 கோடி ரூபாய்க்கும் மேல். இந்த விலை நியாயமற்றது. இருந்தாலும் விலையைவிடக் கவனிக்க வேண்டியவை அந்த ஒப்புதலில் உள்ள இரண்டு நிபந்தனைகள்: ஆர்பிஇ65-இன் இரு பிரதிகளிலும் பழுது உறுதியாகியிருக்க வேண்டும், விழித்திரையில் உயிருள்ள செல்கள் போதிய அளவு மிஞ்சியிருக்க வேண்டும். ஆறு வயதில் மரபணு தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கதவு திறந்திருக்கும். முப்பது வயதில் தெரிந்துகொள்பவருக்கு அநேகமாக மூடியிருக்கும்.

மற்ற மரபணுக்களுக்கும் இதே வழி எளிதாகக் கைகூடவில்லை. மரபணுவைச் சுமக்கும் அந்தச் சிறு வைரஸுக்குள் ஏறத்தாழ 4,700 டிஎன்ஏ எழுத்துகள்தான் அடங்கும். ஸ்டார்கார்ட் என்ற விழித்திரை நோய்க்குக் காரணமான ஏபிசிஏ4 மரபணுவின் செய்தியோ 6,800 எழுத்துகள் கொண்டது. அதனால் வேறு உத்திகளைத் தேடுகிறார்கள். 2020-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், முதன்முதலாக உடலுக்குள்ளேயே கிறிஸ்பர் மரபணுத் திருத்தம் செய்யப்பட்டது ஒரு நோயாளியின் கண்ணில்தான். அது சிஇபி290 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பிறழ்வுக்கானது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வாளர்கள் பங்குகொண்ட 2009-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வட அமெரிக்காவில் லீபர் நோய்க்குப் பரவலான காரணமாக உள்ள பிறழ்வுகள் தென்னிந்திய நோயாளிகளிடம் அரிதாகவே உள்ளன என்று கண்டது அது. அங்குள்ள பிறழ்வுக்கு அங்கே மருந்து செய்கிறார்கள். நம் பிள்ளைகளிடம் எந்தப் பிறழ்வு மிகுதி என்று நாம் கணக்கெடுக்காவிட்டால், வேறு யாரும் நமக்காக எடுக்கப்போவதில்லை.

எந்த மரபணு பழுதானாலும் பயன்படக்கூடிய முறைகளும் வருகின்றன. பாசியின் ஒளியுணர் புரதத்தை விழித்திரையில் சேர்த்து, தனிக் கண்ணாடி அணிவித்து, பார்வையிழந்த ஒருவர் மேசைமேல் உள்ள பொருளை அடையாளம் காணச் செய்ததாக 2021-இல் அறிவித்தார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால், அது மிச்சப் பார்வையைக் காப்பதல்ல. எல்லாம் போன பிறகு சிறிது மீட்பது.

மரபணுவின் பெயர் இன்றைக்கே கண்ணைக் காக்கும் இடங்களும் உண்டு. கைரேட் அட்ரபி என்ற நோயும் மாலைக்கண்ணாகத்தான் தொடங்கும். புரதத்தை அளந்து உண்ணும் உணவுமுறையால் அதன் வேகத்தைக் குறைக்கலாம்; சிலருக்கு வைட்டமின் பி6 பலன் தரும். ரெஃப்சம் நோய்க்குப் பால் கொழுப்பும் இறைச்சிக் கொழுப்பும் ஆகாது. ஸ்டார்கார்ட் நோயாளிகள் வைட்டமின் ஏ மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். கண்ணுக்கு நல்லது என்று அக்கறையோடு வாங்கித் தரும் மாத்திரையே தீங்காகலாம். குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயில் ஆர்பி1 பிறழ்வு தெரிந்துவிட்டால், தம்பி தங்கையைப் பிறந்த நாளிலிருந்தே கண்காணிக்கலாம். பிறழ்வு இல்லாத குழந்தையை மயக்க மருந்து கொடுத்துத் திரும்பத் திரும்பச் சோதிக்கவும் வேண்டியதில்லை.

திருமண விஷயத்துக்கு வருவோம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. தாய்மாமனும் அக்காள் மகளும் தம் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் எட்டில் ஒரு பங்கு. இரு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வரும் ஒடுங்கு மரபணு நோயில் பெற்றோர் இருவரும் கண் நன்றாகத் தெரிந்தபடியே பழுதைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று பலர் தேற்றிக்கொள்கிறார்கள். அது சரியல்ல, ஒவ்வொரு முறையும் அதே வாய்ப்புதான். இதை நேரம் எடுத்து, பொறுமையாகச் சொல்ல ஆள் வேண்டும்.

நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லையே என்பவர்களுக்கும் இது வருகிறது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் பங்குகொண்ட 2017-ஆம் ஆண்டு ஆய்வு, தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைப் பார்த்தது. அவற்றுள் 81 குழுக்கள், ஒடுங்கு நோய்களுக்குப் பெயர்பெற்ற ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து வந்தவை. தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே மணம் முடித்ததன் விளைவு இது. பழி மட்டும் பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது. ஒடுங்கு நோய்க்குப் பழுதில் பாதி தந்தையிடமிருந்து வருவது என்பதை அச்சிட்ட அறிக்கையோடு எடுத்துச் சொன்னால், பல பெண்களின் வீட்டு வாழ்க்கையே மாறும்.

சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்திலும் மரபணு ஆய்வகங்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. திறமைக்குக் குறைவில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளின் கண் பிரிவுகளில் மரபணு ஆலோசகர் பணியிடங்கள் வேண்டும். பள்ளிச் சிறார் கண் பரிசோதனையில் “இருட்டில் தடுமாறுகிறாயா?” என்ற கேள்வி கட்டாயமாக வேண்டும். சோதனைச் செலவை அரசு ஏற்று, பெயர் மறைத்த முடிவுகளை மாநிலப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். எந்த மாவட்டத்தில் எந்தப் பிறழ்வு என்ற பட்டியல் கையில் இருந்தால், அதற்கான மருந்தாய்வை இங்கேயே நடத்தும்படி நிறுவனங்களிடம் கேட்கலாம். விலையையும் அப்போதே பேசலாம்.