ஓப்பனிங் பேலன்ஸ் எடுத்தாச்சா?

வங்கியில் 33 வருடம் குப்பை கொட்டியவன் நான். அதில் மூன்று வருடம் மீனம்பாக்கம் பக்கத்துக் கிளை. தலைக்கு மேல் விமானம் போனால் கவுன்டரில் நிற்பவரும் நானும் பேச்சை நிறுத்திவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்போம். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்தில் தொடர்வோம். பக்கத்துத் தொடக்கப் பள்ளி டீச்சரம்மா ஒருநாள் சொன்னார்: "சார், நீங்க விட்ட இடத்துல தொடங்கிடறீங்க. என் பிள்ளைங்களுக்கு எந்த இடத்துல விட்டோம்னே தெரியறதில்ல." நான் சிரித்துவிட்டு பாஸ்புக்கை நீட்டினேன். இப்போது ஏர் பிடிக்கும் வயதில் அது ஞாபகம் வருகிறது.

காரணம் பரந்தூர். 2022-ல் அறிவிப்பு வந்ததிலிருந்து ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டு எதிர்த்து நிற்கிறார்கள். 5,000 ஏக்கருக்கு மேல் போகிறது. அதில் நஞ்சையும் ஏரியும் உண்டு. நம் கூட்டங்களில் அதையெல்லாம் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் நிலம் எடுக்கப்படாத ஊர்கள் இருக்கின்றனவே? சுற்றுச்சுவருக்கு வெளியே, ஓடுபாதைக்கு நேராக இருக்கும் ஊர்கள். அங்கே ஒரு சென்ட் நிலம்கூடப் போகாது, அதனால் இழப்பீட்டுப் பட்டியலில் பெயரும் இருக்காது. சத்தம் மட்டும் தினமும் வந்து சேரும்.

மேடையில் சிலர், பிள்ளைகள் செவிடாகிவிடுவார்கள் என்கிறார்கள். அப்படிச் சொல்லாதீர்கள் நண்பர்களே, எதிராளி ஒரே கேள்வியில் மடக்கிவிடுவான். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள் அழிந்தால் திரும்ப முளைக்காது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு 85 டெசிபல் அளவில், தினம் எட்டு மணி நேரம், வருடக்கணக்கில் கேட்க வேண்டும். விமானத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவருக்கு அந்த ஆபத்து உண்டு. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டில் பொதுவாக அந்த அளவு வராது. சொல்லப்போனால் நமக்குத்தான் அது அதிகம். களைக்கொல்லி வேண்டாம் என்று பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டுகிறோமே, அது 90 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் போடுங்க. பேரப்பிள்ளையைப் பக்கத்தில் நிற்க விடாதீங்க.

விமானச் சத்தம் பிள்ளைகளுக்குச் செய்யும் கேடு வேறு. காது கேட்கும், ஆனால் கேட்டது மனதில் தங்காது. இதற்கு நல்ல சாட்சி ஜெர்மனியின் மியூனிக் நகரம். 1992 மே மாதம் அங்கே பழைய விமான நிலையத்தை மூடி, வேறு இடத்தில் புதியதைத் திறந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதற்கு முன்பே இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் சோதித்து வைத்திருந்தார்கள். திறந்த பிறகு இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். புதிய இடத்துப் பிள்ளைகளின் வாசிப்பும் நீண்டகால ஞாபகமும் குறைந்தன. ரத்த அழுத்தமும் ஏறியது. பழைய இடத்தில் சத்தம் நின்றதும் வாசிப்பும் ஞாபகமும் தேறின. லண்டன், ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் விமான நிலையங்களைச் சுற்றி 9, 10 வயதுப் பிள்ளைகள் 2,800-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. அதிலும் சத்தம் கூடக் கூட வாசித்துப் புரிந்துகொள்வது குறைந்தது.

ஏன் பிள்ளைகளுக்கு மட்டும் இவ்வளவு? பாதி வார்த்தை காதில் விழுந்தால் மீதியை நாம் ஊகித்துவிடுவோம், நம்மிடம் சொல் இருப்பு அதிகம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தையே புதுசு. அதன் பாதியும் போனால் எதை வைத்து ஊகிக்கும்?

"மீனம்பாக்கத்தில் படித்தவன் கலெக்டர் ஆகலையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆகியிருப்பான். எல்லாக் கடனும் வாராக்கடன் ஆவதில்லைதான், அதற்காக நாங்கள் ஜாமீன் வாங்காமலா கடன் கொடுத்தோம்?

எனக்கு இந்தத் திட்டமே வேண்டாம் என்பதுதான் கருத்து. வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஓப்பனிங் பேலன்ஸ் இல்லாமல் லாப நஷ்டம் பார்க்க முடியாது. முதல் விமானம் பறந்த பிறகு "எங்க பிள்ளைங்க படிப்பு போச்சு" என்று மனு கொடுத்தால், "முன்னாடி எப்படிப் படிச்சாங்க, கணக்கு இருக்கா?" என்று கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள், நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். ஆகவே இப்போதே சுற்றுவட்டாரப் பள்ளிகளில் 3 முதல் 5-ம் வகுப்பு வரை காது பரிசோதனையும் வாசிப்புச் சோதனையும் நடக்கட்டும். வகுப்பறையில் டெசிபல் அளவு எடுக்கட்டும். விமானப் பாதையில் வராத ஒப்பீட்டு ஊர்கள் சிலவற்றிலும் இதையே செய்யட்டும். பதிவின் ஒரு நகல் கிராம சபையில் இருக்க வேண்டும். ஆகிற செலவு, அங்கே போடப்போகும் காம்பவுண்டு சுவரில் பத்தடிக்குக்கூட வராது.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் இந்தத் தீர்மானத்தை வைக்க விரும்பும் அந்தப் பகுதி நண்பர்கள் இதழ் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். மாதிரி நகல் எழுதி அனுப்புகிறேன்.