ஏறுதலும் இறங்குதலும்

மலை ஏறுதல் அரிய செயல். ஏறிய மலையினின்று நலமாக இறங்குதல் அதனினும் அரிய செயல். இவ்வுண்மையை வெள்ளியங்கிரி நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

கோவை மாநகருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில் நிமிர்ந்து நிற்கும் இதனைத் தென்கயிலை எனப் போற்றுவர். ஏழு மலைகளைக் கடந்தால் உச்சியை அடையலாம். அது கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 6,000 அடி உயரமுடையது. பிப்ரவரி முதல் மே வரை வனத்துறையின் இசைவுடன் மக்கள் திரளாக ஏறுகின்றனர். இறைவனை வழிபட வருவோரும் உளர். மலையின் எழிலில் உள்ளம் பறிகொடுத்து ஆண்டுதோறும் வருவோரும் உளர்.

அடிவாரமாகிய பூண்டியினின்று உச்சி ஏறத்தாழ 6 கிலோமீட்டர். சமவெளியில் இத்தொலைவு இளைஞர்க்கு ஒரு பொருட்டன்று. இங்கோ முதல் மலையின் செங்குத்தான படிகளே மூச்சு வாங்கச் செய்யும். வழுக்குப்பாறையில் வெட்டிய படிகளில் மூங்கில் தடியை ஊன்றி, அடிமேல் அடிவைத்து ஏறவேண்டும். பாம்பாட்டிச் சுனையும் கைதட்டிச் சுனையும் நீர்வேட்கையைத் தணிக்கும். ஆண்டி சுனையைக் கடந்தபின் ஏழாம் மலை மீண்டும் செங்குத்தாக எழும். குளிர்காற்று உடலை நடுக்கும்.

உச்சியை அடைந்தவனே வென்றவன் என்பர் பலர். அக்கருத்துப் பொருந்தாது. உச்சி பயணத்தின் முடிவன்று, பாதியே ஆகும். ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். வலிமை முழுவதையும் ஏற்றத்திலேயே செலவிட்டவன் இறக்கத்திற்கு எதனைத் துணைக்கொள்வான்? 2024-ஆம் ஆண்டில் இம்மலை ஏறியோருள் சிலர் மூச்சுத்திணறியும் நெஞ்சுவலியுற்றும் உயிர் துறந்தனர். அவர்கள் யாவரும் முதியவர் அல்லர். இதயநோயும் மூச்சுநோயும் உடையோர் ஏறுதலைத் தவிர்க்குமாறு வனத்துறையினர் அறிவுறுத்தினர்.

“நேர்ந்துகொண்டு வந்தவன் பாதியில் திரும்பலாமா? உடன் வந்தோர் நகையாரோ?” எனச் சிலர் வினவலாம். ஏற இயலாதார்க்கும் அருள்புரியவன்றோ இறைவன் பூண்டியிலும் கோயில் கொண்டுள்ளான்! நண்பர் நகைப்பு ஒரு நாளில் மறையும். மகனை இழந்த தாயின் துயரோ வாழ்நாளெல்லாம் மறையாது. மேலும், குழுவாகச் செல்வோர் தம்முள் மெல்ல நடப்பவனுக்கு ஏற்ப நடத்தல் வேண்டும். இளைத்தவனை வழியில் விட்டு உச்சி காண்பது வீரமன்று; அவனைக் கைப்பிடித்து நான்காம் மலையிலேயே திரும்புவது தோழமை.

செயலில் இறங்குமுன் தன் வலிமையை அறிதல் வேண்டும் என்பதற்காகவே வள்ளுவர் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயின் அவ்வறிவு அச்சமாக மாறிவிடலாகாது. நாள்தோறும் நடந்து பழகிய கால்களும், போதிய நீரும், குளிர்தாங்கும் உடையும், மூத்தோர் துணையும் கொண்டு இளைஞர் மலையேறுக! உடல் தளர்ந்து “போதும்” எனும்போது, உச்சி கண்ணெதிரே தோன்றினும் திரும்பும் துணிவும் கொள்க! மலை அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்கும். ஏறுவதற்கு அவர்கள் இருத்தல் வேண்டும்.