பேயா, போதையா?

பையன் இரவெல்லாம் தூங்குவதில்லை, பகலில் எழுந்திருப்பதில்லை. தாயாரிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. பெட்டியிலிருக்கும் பணம் குறைகின்றது. கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்விட்டது. இவ்வளவையும் கண்ட வீட்டார் செய்வதென்ன? ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகின்றார்கள். அவன் ஏழரைச் சனி என்கின்றான். மந்திரவாதி செய்வினை என்கின்றான். பூசாரி காற்றுக் கருப்பு என்கின்றான். மூவருக்கும் தட்சணை கொடுத்தாகிவிட்டது. பையனுடைய சட்டையைக் கழற்றிக் கையைப் பார்க்க மாத்திரம் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்த காரியம் இது. வலிக்குக் கொடுக்கும் மாத்திரையைக் கரைத்து எட்டு மாத காலமாக ஊசியில் ஏற்றி வந்திருக்கின்றான். சித்திரை வெய்யிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாததற்கு அவனுடைய அத்தை சொன்ன வியாக்கியானம், “ஏதோ வேண்டுதலாக்கும்” என்பது!

தோழர்களே! பேய்க்கு அடையாளம் சொல்ல ஊருக்கு நூறு பேர் இருக்கின்றார்கள். போதைக்கு அடையாளம் சொல்ல ஆளில்லை என்பதால் நாமாவது சொல்லுகின்றோம். அபின் இனத்து மருந்துகளை உட்கொண்டவனுக்குக் கண்ணின் பாப்பா ஊசிமுனைபோல் சுருங்கும், உட்கார்ந்தபடியே தூங்கி வழிவான், மலச்சிக்கல் உண்டாகும். மருந்து கிடைக்காத நாளில் எல்லாம் தலைகீழாகும். கொட்டாவி மேல் கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், மயிர்க்கூச்சு, கைகால் குடைச்சல், வயிற்றுப்போக்கு. உடனே தாயத்துக் கட்டுவார்கள். மறுநாள் எங்கேயோ மருந்து கிடைத்து அவன் தெளிந்துவிடுவான். பெருமை தாயத்துக்குப் போய்விடும். கஞ்சாவானால் சிவந்த கண், துணியில் வாடை, அகாலத்தில் பசி.

ஆனால், ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைக் குற்றவாளியாக்கச் சொல்லவில்லை. தூக்கங்கெட்டவனுக்குங்கூடக் கண் சிவக்கும். மனம் நொந்தவனும் பேசாதிருப்பான். நாலைந்து ஒன்றாய்ச் சேர்ந்து, முன்னிருந்த பிள்ளை இவனல்ல என்று தோன்றினால், அடிக்காமல், தனியே அழைத்து நேராகக் கேட்க வேண்டும். அடக்க முடியாத ஆசை, நாளுக்கு நாள் அளவு கூடுவது, நிறுத்தினால் உடம்பு படும் பாடு, மற்ற காரியங்களையெல்லாம் கைவிடுவது, கெடுதியைக் கண்ணால் கண்டும் விடமுடியாமை - இவற்றைக் கொண்டுதான் உலக சுகாதார ஸ்தாபனம் இதை ஒரு வியாதியென்று கணக்கிடுகின்றது. வியாதியென்றால் வைத்தியன்தானே வேண்டும்? பூசாரி எதற்கு?

குடிகாரர் விஷயம் இன்னும் மோசம். கோயிலில் கயிறு கட்டி, அன்றைக்கே நிறுத்தச் செய்கின்றார்கள். வருஷக்கணக்காய்த் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் முதலிரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாத பூச்சிகளைக் கண்டு அலறலாம். வைத்தியமில்லாவிட்டால் உயிர்கூடப் போகும். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத் தடுக்கக்கூடிய இக்காரியத்தை, “சாமி வந்திருக்கிறது” என்று வேப்பிலை அடிக்கின்றவர்களை என்னவென்று சொல்வது?

ஊசிக்காரன் எழுப்பியும் எழாமல், மூச்சு மந்தித்து, உதடு நீலம் பாரித்தால் தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நிமிஷமே 108 வண்டியைக் கூப்பிட வேண்டும். அந்த விஷத்தை முறிக்க நலாக்சோன் என்ற மருந்து இருக்கின்றது.

சங்கிலி போட்டு வைப்பவர்களும் இருக்கின்றார்கள். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில் தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் 28 பேர், கட்டிய சங்கிலியோடு வெந்து செத்தார்கள். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியைத் தடுக்கின்றது. சட்டம் தடுத்ததை நம் ஜனங்களின் புத்தி இன்னும் தடுக்கவில்லை.

நிற்க, “வெளியே தெரிந்தால் மானம் போகுமே” என்பார்கள். 2019-ல் வெளியான இந்திய சர்க்கார் கணக்குப்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மற்ற 37 பேரை இந்த மானந்தான் பெரும்பாலும் தின்றிருக்குமென்பது நமது அபிப்பிராயம். போலீசுக்குப் பயமென்றால், 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கின்றது. சிறு அளவு வைத்திருந்த அடிமை தானாக முன்வந்து சர்க்கார் அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குண்டு. 14446 என்ற இலவச டெலிபோனில் யோசனை கேட்கலாம்; தட்சணை கிடையாது.

எல்லாவற்றிலும் அக்கிரமமானது, “ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்” என்பது. எவன் பெற்ற பெண்ணோ இவனுக்கு மருந்தாம்! அவள் அடிபட்டு, நகையிழந்து, கைக்குழந்தையோடு திரும்பி வந்தால், அவள் காலடி சரியில்லை என்பதும் இவர்களேதான். பெண் கொடுப்பவர்களும் பத்துப் பொருத்தம் பார்ப்பார்களேயல்லாது, வைத்தியரிடம் காட்டினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

மேற்சொன்ன குடும்பத்திலும் பெண் பார்த்தாகிவிட்டது. பத்தாவது படிக்கும் தங்கைதான் ஊசியைக் கண்டுபிடித்தாள். அது இருந்த இடம் பூஜை அறையில் சாமி படத்துக்குப் பின்னால்! அங்கே ஒருவரும் கை வைக்கமாட்டார்களென்று பையனுக்குத் தெரிந்திருக்கின்றது. கல்யாணம் நின்றது, பையன் இரண்டு மாதமாகச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்துகொண்டு, இப்பொழுது வேலைக்குப் போகின்றான். சென்ற வாரம் ஜோசியர் வந்து, சனி விலகிவிட்டதென்றும் பரிகாரத்தில் பாக்கி இருக்கின்றதென்றும் சொல்லி, ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனாராம்.