இறால் ஓட்டில் கேன்சர் மருந்தா? வைரல் செய்தியை எப்படிப் படிப்பது?

'பழத்தோலில் இருந்து கேன்சர் மருந்து', 'முட்டை ஓடு புற்றுநோயைக் குணமாக்கும்'. இப்படி ஒரு செய்தி உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கலாம். வீட்டில் ஒருவர் சிகிச்சையில் இருந்தால், அதைச் சும்மா கடந்து போக முடியாது. எது உண்மை?

இது மருந்தா?

இல்லை. மருந்தைச் சுமக்கும் வண்டி. கீமோதெரபி மருந்து ரத்தத்தோடு உடல் முழுக்கப் போகிறது. அதனால்தான் முடி கொட்டுது, வாந்தி வருது. மருந்தை நுண்துகளில் அடைத்து, கட்டிக்குப் பக்கத்தில் இறக்கினால் மற்ற உறுப்புகளுக்குப் பாதிப்பு குறையலாம்.

ஏன் கழிவு?

இறால் ஓட்டிலுள்ள கைட்டினைப் பதப்படுத்தினால் கைட்டோசான் கிடைக்கும். முட்டை ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். இரண்டும் அமிலத்தில் கரையும். ரத்தத்தின் பிஹெச் சுமார் 7.4. பல கட்டிகளைச் சுற்றி அமிலத்தன்மை கொஞ்சம் அதிகம். அங்கே துகள் கரைந்து மருந்து வெளியே வரும் என்பதுதான் கணக்கு. ஆரஞ்சுத் தோலின் பெக்டினைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் சிதைக்கும். அதனால் பெருங்குடல் புற்றுநோய்க்கு அதை முயன்று பார்க்கிறார்கள்.

அப்போ விலை குறையுமா?

அவசரப்படாதீங்க. டெல்லி காஜிப்பூர் மீன் சந்தையில் ஓடு சும்மாவே கிடைக்கலாம். ஆனால் ஊசியில் ஏற்றும் பொருளில் புரதம், உலோகம், கிருமி நச்சு எதுவும் மிஞ்சக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் வர வேண்டும். செலவு அங்கேதான்.

டெல்லி பல்கலைக்கழக ஆய்வின் துணையோடு உருவாகி, 2007-ல் டாபர் பார்மா கொண்டுவந்த 'நானோக்செல்' நல்ல உதாரணம். தண்ணீரில் கரையாத பாக்லிடாக்செல் மருந்தைச் சுமக்கும் அந்த வண்டி, செயற்கை பாலிமர். கழிவிலிருந்து வந்ததல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ன் புதிய மருந்து விதிகளின்படி, பழைய மருந்தையே புதுவகை வண்டியில் ஏற்றினாலும் அது 'புதிய மருந்து'தான். உரிய சோதனையும் அனுமதியும் இல்லாமல் விற்க முடியாது. அதே ஆண்டு, நானோ மருந்துகளை மதிப்பிடத் தனி வழிகாட்டுதலையும் மத்திய அரசு வெளியிட்டது.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை ஃபார்வர்டு வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: சோதித்தது செல்லிலா, எலியிலா, மனிதரிலா? மனிதர் என்றால், டெல்லியிலிருந்து ஐசிஎம்ஆர் நடத்தும் 'சிடிஆர்ஐ' பதிவேட்டில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை 2009 முதல் அதில் பதிவு செய்தாக வேண்டும்.

முட்டை ஓட்டைப் பொடித்துச் சாப்பிடுவதற்கும் இந்த ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை. அதை நம்பி கீமோ தேதியை மட்டும் தள்ளிப் போடாதீங்க.