பணயக் கைதிகளை விருந்தாளிகளாக்கிய படங்கள்

“பழைய பிரின்ட் தானே, அழகா இருக்கு, இதுல எதுக்கு அரசியல்?” காலனியகால ஓவியம் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் கேள்வி இது. சரி, ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம்.

வெள்ளைக்காரத் தளபதி இரண்டு சின்னப் பையன்களைக் கைநீட்டி வரவேற்கிறார். பார்த்தால் மாமா வீட்டுக்கு லீவுக்கு வந்த பிள்ளைகள் மாதிரி இருக்கும். உண்மையில் அவர்கள் திப்பு சுல்தானின் மகன்கள். மூத்தவனுக்கு 10 வயது, இளையவனுக்கு 8. 1792 பெப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையை முடிக்க கோர்ன்வாலிஸ் பணயமாகக் கேட்டு வாங்கிய பிள்ளைகள். வீடு திரும்பியது 1794இல்.

இந்தக் காட்சியை ஓவியர்கள் போட்டி போட்டு வரைந்தார்கள். செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சடித்து விற்றார்கள். ராபர்ட் ஹோமாவது படையோடு போனவர். மாதர் பிரவுன் இந்தியாவை மிதித்ததே இல்லை. 1781இல் யோர்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த அதே கோர்ன்வாலிஸ், இந்தப் படங்களில் கருணை வள்ளல் ஆகிவிட்டார்.

மலையகத்துல இருக்கிற நமக்கு இதுல என்ன? ஒப்பந்தத்தைப் பாருங்க. திப்பு கொடுத்தது பாதி நாடும் 3 கோடியே 30 இலட்சம் ரூபாயும். கம்பெனிக்குப் போன பகுதிகளில் பாரமகால், சேலம், திண்டுக்கல் உண்டு. கம்பெனி அங்கே உடனே நிலத்தை அளந்து வரி போட ஆரம்பித்தது. பிறகு கோப்பித் தோட்டத்துக்குக் கங்காணிமார் ஆள் சேர்த்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. முற்றுகை முடிந்ததால்தான் நாம் இங்கே வந்தோம் என்று சொல்லவில்லை. வரி, கடன், பஞ்சம் என்று கதை நீளமானது. ஆனால் அந்தக் கதையின் ஒரு பக்கம் இந்தப் படத்துக்குள் இருக்கிறது, படமோ அதை மறைக்கிறது.

மனிதரை வைத்துப் பேரம் பேசுவது 1792உடன் முடியவும் இல்லை. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. நம்ம ஆளுங்ககிட்ட யாரும் கேட்கல. அதையும் இரு நாட்டு நல்லுறவு என்றுதான் சொன்னார்கள்.

படங்களைக் கிழிக்கச் சொல்லவில்லை. மாட்டுங்க, பாடப்புத்தகத்திலும் போடுங்க. ஆனா கீழே அப்துல் காலிக், முயிசுத்தீன் என்று பிள்ளைகளின் பெயரையும், ‘பணயக் கைதிகள்’ என்ற சொல்லையும் எழுதுங்க. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பங்களாச் சுவரில் தொங்கும் படத்தைப் போட்டோ எடுக்கிற நாம, அங்கேயும் ஒருதரம் போய்ட்டு வரணும்.