மொராக்கோவின் வெற்றியும் அதன் இளைஞர்கள் எழுப்பும் கேள்வியும்

சிலி நாட்டின் சான்டியாகோ நகரில் 2025 அக்டோபர் 19 ஞாயிறு இரவு, 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி நடந்தது. அதில் மொராக்கோ அர்ஜென்டினாவை 2-0 என்ற கணக்கில் வென்றது. இந்தக் கோப்பையை ஆறு முறை வென்ற நாடு அர்ஜென்டினா. மொராக்கோவின் இரண்டு கோல்களையும் அடித்தவர் யாசிர் ஸபீரி. 2009-ல் கானா வென்ற பிறகு ஓர் ஆப்பிரிக்க நாடு இக்கோப்பையை வெல்வது இதுவே முதல் முறை. அரபு நாடுகளில் மொராக்கோவே முதல் நாடு.

அதே ஞாயிற்றுக்கிழமை மன்னர் ஆறாம் முஹம்மதின் தலைமையில் கூடிய அமைச்சரவை, 2026-ம் ஆண்டில் சுகாதாரத்துக்கும் கல்விக்கும் 14,000 கோடி திர்ஹம் ஒதுக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இத்துறைகளில் 27,000-க்கும் அதிகமான பணியிடங்கள் உருவாகும் என்றும் அறிவித்தது. செப்டம்பர் இறுதியிலிருந்து தெருவில் நின்று இளைஞர்கள் கேட்டது இதைத்தான்.

முதல் செய்தி நம் கைப்பேசிகளுக்கு உடனே வந்து சேர்ந்தது. இரண்டாவது செய்தி நம்மில் பலரைச் சென்றடையவே இல்லை. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நியாயம்.

அரை நூற்றாண்டுப் பாதை

மொராக்கோவின் கால்பந்து 2022-ல் தொடங்கியதல்ல. 1956-ல் விடுதலை பெற்ற அந்நாடு, 1970-ல் மெக்சிகோவில் முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடியது. பல்கேரியாவுடன் 1-1 என்று சமன் செய்து, உலகக் கோப்பையில் புள்ளி பெற்ற முதல் ஆப்பிரிக்க அணி என்ற பெயரைப் பெற்றது. 1976-ல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது.

1986-ல் மீண்டும் மெக்சிகோ. இங்கிலாந்து, போலந்து, போர்ச்சுகல் ஆகிய மூன்று ஐரோப்பிய அணிகள் இருந்த பிரிவில் மொராக்கோ முதலிடம் பிடித்தது. லீக் சுற்றைத் தாண்டிய முதல் ஆப்பிரிக்க அணி அதுதான். அடுத்த சுற்றில் மேற்கு ஜெர்மனியிடம் கடைசி நிமிடங்களில் வாங்கிய ஒரே கோலால் தோற்றது. 1998-க்குப் பின் இருபது ஆண்டுகள் உலகக் கோப்பைப் பக்கமே வர முடியவில்லை. 2018-ல் திரும்பி வந்தபோதும் லீக் சுற்றிலேயே வெளியேறியது.

பிறகுதான் 2022 கத்தார். பெல்ஜியம், ஸ்பெயின், போர்ச்சுகல் என்று பெரிய அணிகளை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தி, உலகக் கோப்பை அரையிறுதியில் ஆடிய முதல் ஆப்பிரிக்க அணியாகவும் முதல் அரபு அணியாகவும் மொராக்கோ ஆனது. அரையிறுதி வரை ஆடிய ஐந்து ஆட்டங்களில் வாங்கியது ஒரே ஒரு கோல். அதுவும் கனடாவுடனான ஆட்டத்தில் தம் வீரர் காலில் பட்டு உள்ளே போன சுயகோல்.

வீரர்கள் மைதானத்தில் ஸுஜூது செய்ததையும், ஃபலஸ்தீனக் கொடியை ஏந்தியதையும், அஷ்ரஃப் ஹகீமி தம் தாயைத் தேடிச் சென்று கட்டியணைத்ததையும் நாம் கண்கலங்கிப் பார்த்தோம். "துஆவின் பலன்", "தாயின் பரக்கத்" என்று பகிர்ந்துகொண்டோம். அதில் தவறில்லை. ஆனால் அத்தோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பின்னால் இருந்த திட்டம்

ரபாத்தை அடுத்த சலே நகரில் 2010-ல் ஆறாம் முஹம்மது கால்பந்து அகாடமி திறக்கப்பட்டது. நாடெங்கும் திறமையுள்ள சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து, தங்க வைத்து, பள்ளிப் படிப்போடு கால்பந்தும் கற்றுக்கொடுத்தார்கள். போர்ச்சுகலுக்கு எதிராகத் தலையால் முட்டி வெற்றிக் கோல் அடித்த யூசுஃப் அந்நஸீரி, தடுப்பு வீரர் நாயிஃப் அக்ரத், நடுக்கள வீரர் அஸ்ஸத்தீன் உனாஹி ஆகியோர் அங்கே வளர்ந்தவர்கள். சிலியில் இரண்டு கோல் அடித்த ஸபீரியும் அப்படித்தான். 2010-ல் போட்ட விதைக்கு 2022-ல் பலன் கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அவசரப்படாமல் காத்திருந்தார்கள்.

இரண்டாவது வழி, வெளிநாடுகளில் பிழைக்கப் போன குடும்பங்களின் பிள்ளைகள். 2022 அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஹகீமி ஸ்பெயினில், ஹகீம் ஸியாஷ் நெதர்லாந்தில், கோல்கீப்பர் யாசின் பூனூ கனடாவில். பயிற்சியாளர் வலீத் ரக்ராகி பிறந்தது பிரான்சில். ஐரோப்பாவில் வளரும் இந்தப் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே அடையாளம் கண்டு, வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசி, தாய்நாட்டு அணிக்கு அழைத்து வந்தது மொராக்கோவின் கால்பந்துச் சங்கம்.

இதன் பலன் ஓர் அணியோடு நிற்கவில்லை. 2023-ல் பெண்கள் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற முதல் அரபு நாடு மொராக்கோ. அதில் ஆடிய நுஹைலா பின்ஸீனா, அப்போட்டியில் ஹிஜாபுடன் களமிறங்கிய முதல் வீராங்கனை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எகிப்தை 6-0 என்று வென்று வெண்கலம். 2025 அக்டோபரில் மூத்தோர் அணி தொடர்ந்து 16-வது ஆட்டத்தை வென்று, 15 என்று ஸ்பெயின் வைத்திருந்த உலக சாதனையை முறியடித்தது.

தெருவில் எழுந்த கேள்வி

2030 உலகக் கோப்பையை ஸ்பெயின், போர்ச்சுகலுடன் சேர்ந்து மொராக்கோ நடத்தவுள்ளது. அதற்காக காசாபிளாங்காவுக்கு அருகில் 1,15,000 பேர் அமரும் அரங்கம் எழும்புகிறது. இந்த நேரத்தில்தான் அகாதிர் நகர அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்ந்த எட்டுப் பெண்கள் குறுகிய நாட்களில் இறந்த செய்தி வந்தது.

'ஜென் ஸி 212' என்ற பெயரில் இணையத்தில் ஒன்றுகூடிய இளைஞர்கள் செப்டம்பர் 27 முதல் தெருவுக்கு வந்தார்கள். 212 என்பது அந்நாட்டின் தொலைபேசிக் குறியீடு. அரங்கங்கள் வந்துவிட்டன, மருத்துவமனைகள் எங்கே என்பதே அவர்களின் கேள்வி. அக்டோபர் 1 அன்று அகாதிர் அருகே பாதுகாப்புப் படையினர் சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். இவர்கள் கால்பந்தின் எதிரிகள் அல்லர். கோப்பையோடு வந்த வீரர்களின் வயதுதான் இவர்களுக்கும்.

அரங்கம் கட்டினால் சுற்றுலா வளரும், வேலை வரும், ரயிலும் விமான நிலையமும் மக்களுக்கே பயன்படும் என்பது அரசுத் தரப்பு வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இளைஞர்களின் கேள்விக்கு வலு சேர்ப்பது அந்தக் கால்பந்து வெற்றியேதான். பதினைந்து ஆண்டுத் திட்டம், தொடர்ச்சியான நிதி, திறமைக்கு முதலிடம் ஆகியவை இந்த அரசால் முடியாதவை அல்ல என்பதற்கு அதுவே சாட்சி. ஐரோப்பாவில் பிறந்த பிள்ளைகளை நாட்டுக்கு ஆட அழைத்து வருகிறார்கள். ஆனால் மொராக்கோவிலேயே படித்து வெளிவரும் மருத்துவர்கள் பலர் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போய்விடுகிறார்கள். விளையாட்டு வீரரை ஈர்க்கத் தெரிந்த நாட்டுக்கு மருத்துவரைத் தக்கவைக்கத் தெரியாதா? அக்டோபர் 19 அறிவிப்பு அதற்கான முதல் பதிலாக இருக்கலாம். பணம் பிரசவ அறை வரை போய்ச் சேர்கிறதா என்பதைப் பொறுத்தே அது முழுப் பதிலாகும்.

நமக்கான பாடம்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக வரும் செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கால்பந்தில் மொராக்கோ ஒட்டகத்தைக் கட்டியது. மைதானத்தில் நாம் கண்ட ஸுஜூது, அந்த உழைப்புக்குப் பின் வந்த ஷுக்ரு.

முஸ்லிம் நாடு ஒன்று வெல்லும்போது மகிழ்வது இயல்பு. அந்த நாட்டின் பிள்ளைகள் தம் தாய்மார்களுக்கு நல்ல மருத்துவம் கேட்கும்போது, அதை நாட்டின் பெயரைக் கெடுக்கும் வேலை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஹகீமி தம் தாயைக் கட்டியணைத்த படத்தை நம் வீடுகளில் எத்தனையோ பேர் பகிர்ந்தோம். அகாதிரில் பிரசவத்துக்குப் போய் வீடு திரும்பாத அந்த எட்டுப் பேரும் தாய்மார்கள்தான். அவர்களுக்காகக் கேட்கப்படும் கேள்வியும் நம் வீடுகளில் பேசப்பட வேண்டும்.