கனி உண்டவர் யார்? கணக்கு யாருக்கு?

படைப்பு வரலாற்றைப் பற்றி நமக்கும் கிறிஸ்தவ நண்பர்களுக்கும் உள்ள பிணக்கு ஆறு நாள்களைப் பற்றியதன்று. வானங்களும் பூமியும் ஆறு நாள்களில் படைக்கப்பெற்றதைத் திருமறையும் கூறுகின்றது. ஏழாம் நாள் இறைவன் ஓய்ந்திருந்தான் என்னுமிடத்தில் மட்டும், களைப்பு அவனைத் தீண்டவில்லை என்று ‘காஃப்’ அத்தியாயம் (50:38) மறுத்துரைக்கின்றது. அது ஒருபுறம் கிடக்கட்டும். பெரும் பிணக்கு ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில், கனி உண்ட இடத்தில் பிறக்கின்றது. அவ்விருவர் செய்த பிழை வழிவழியாக எல்லா மக்கள் மீதும் இறங்கிற்று. ஜென்ம பாவமாகிய அதனைத் துடைக்கவே சிலுவை வேண்டியதாயிற்று என்பது அவர்தம் கொள்கை.

இக்கொள்கை அந்த அதிகாரத்தில் உள்ளதா? திருமறையை அளவுகோலாகக் கொண்டு பைபிளை அளக்கிறோம் என்று எவரும் குறைகூற வேண்டாம். பைபிளைக் கொண்டே பார்ப்போம்.

எபிரேய மூலத்தின் மூன்றாம் அதிகாரத்தில் ‘பாவம்’ என்னும் சொல்லே இல்லை! அச்சொல் முதன்முதல் தலைகாட்டுவது நான்காம் அதிகாரத்தில் (4:7), காயீனிடம் – நாம் காபில் என்போமே, அவனிடம் – இறைவன் பேசுமிடத்தில்தான். பாவம் வாயிலில் காத்துக் கிடக்கிறது, அதனை அடக்கியாள வேண்டியவன் நீயே என்பதே அங்குள்ள கருத்து. ஆதமின் மூத்த மகனுக்கே அடக்கியாளும் பொறுப்பு தரப்பட்டிருக்க, பிறக்கும்போதே பாவத்துக்கு அடிமைப்பட்ட மனிதகுலம் எங்கிருந்து வந்தது? மகன் தந்தையின் குற்றத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் வேறு அறுதியிட்டு உரைக்கின்றது.

ஈசா நபி (அலை) அவர்கள் படைப்பு வரலாற்றை எடுத்தாண்ட இடமும் மத்தேயு 19-ஆம் அதிகாரத்தில் உண்டு. மணவிலக்குப் பற்றி வினவியோரிடம், ஆணும் பெண்ணுமாகப் படைக்கப்பட்டதை நினைவூட்டினார்களே ஒழியக் கனியைப் பற்றி ஒரு சொல்லும் கூறினாரில்லை. அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளிக் குழந்தைகளைத் தம்மிடம் வரவிடுமாறு கூறி, விண்ணரசு அத்தகையோர்க்கே உரியது என்கிறார்கள். பாவச்சுமையோடு பிறந்தவர்களுக்கா விண்ணரசு?

பவுல் ஆதமையும் ஈசாவையும் எதிரெதிர் நிறுத்திப் பேசியது மெய்தான். அதை நாம் மறைக்கமாட்டோம். ஆனால் ரோமர் நிருபம் 5:12-இல் கிரேக்க மொழியில் அமைந்துள்ள சொல்லைக் காரணப் பொருளிலேயே பெரும்பாலான அறிஞர்கள் கொள்கின்றனர்: எல்லாரும் பாவம் செய்தமையால் எல்லார்க்கும் மரணம். அதுவே இலத்தீன் மொழிபெயர்ப்பில் ‘அவனுக்குள்’ எல்லாரும் பாவம் செய்ததாக ஆயிற்று. ஒரு ஹர்ஃபு புரண்டால் பொருள் எங்கே போய் விழும் என்பது நஹ்வு ஓதும் இளம் மாணவனுக்கும் தெரியும். கிரேக்கத்தில் ஆழ்ந்த பயிற்சி இல்லாத ஹிப்போ நகர்ப் பேராயர் அகுஸ்தீன் (354–430) அந்த இலத்தீன் வாசகத்தைத் தம் வாதத்துக்குத் தூணாக்கினார். 418-இல் கார்த்தேஜ் சங்கமும் 1546-இல் திரெந்து சங்கமும் ஜென்ம பாவத்தைச் சட்டமாக்கின. கிரேக்க மூலத்தையே ஓதிவந்த கீழைத் திருச்சபையோ, ஆதமால் மரணம் வந்தது என்று நம்பினாலும், அவருடைய குற்றப்பழி பிள்ளைகளைச் சாரும் என்று கொள்வதில்லை.

இது ஏட்டுச் சண்டை அன்று. ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த பச்சிளங் குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, அது மிக மெல்லிய தண்டனை என்றார் அகுஸ்தீன். பிற்காலத்தார் இரக்கப்பட்டு, ‘லிம்போ’ என்னும் இடையிடத்தை வகுத்தனர். அயர்லாந்தில் இத்தகைய சிசுக்களைத் திருச்சபையின் கல்லறையில் அடக்கவிடாமல், ‘கில்லீன்’ எனப்படும் தனி மண்ணில் புதைக்கும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இருந்தது. எத்தனை தாய்மார்கள் அந்த மண்ணை எட்ட நின்று பார்த்திருப்பார்கள்! 2007-இல் வத்திக்கானின் இறையியல் ஆணையம் ஆராய்ந்து, அக்குழந்தைகள் மீட்படைவர் என எதிர்பார்க்க இடமுண்டு, உறுதியாக அறிய வழியில்லை என்று எழுதிற்று. 1,500 ஆண்டுகளுக்குப் பின்னும் ‘எதிர்பார்க்க இடமுண்டு’தானா?

ஆதம் (அலை) தவ்பாச் செய்தார்கள். இறைவன் ஏற்றான் (2:37). கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. ஆகவேதான் ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரத் என்னும் தூய இயல்பிலேயே பிறக்கின்றது என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். தாம் கண்ட கனவொன்றில் இப்ராஹீம் (அலை) அவர்களைச் சூழ்ந்து சுவனத் தோட்டத்தில் சிறு குழந்தைகள் நின்றதை அவர்கள் தோழர்களிடம் எடுத்துரைத்த செய்தி புகாரியில் உள்ளது. இணைவைப்போரின் குழந்தைகளுமா என்று தோழர்கள் கேட்டார்கள். ஆம், அவர்களுந்தாம் என்பதே விடையாக வந்தது.